கடற்கரை நினைவேந்தலில் பாக்பைப் ஊதுவது பற்றி ஆலோசனை தேவை

கேள்வி: முல்லை மாமா

வணக்கம். டிசெம்பர் 26 அன்று முல்லைத்தீவுக் கடற்கரையில் எங்கள் ஊர்ச் சங்கம் நடத்தவுள்ள ஆழிப்பேரலை நினைவேந்தலுக்கு, ஸ்கொட்லாந்தில் பிறந்து வளர்ந்த என் தங்கையின் மகன் வருகிறார். அங்கே ஒரு குழல் அணியில் பாக்பைப் என்ற காற்றுப்பை இணைந்த குழல்வாத்தியத்தை ஊதும் அவர், 2004இல் நாங்கள் இழந்தவர்களுக்காக அதை ஊத விரும்புகிறார். பறையும் சங்கும் சேமக்கலமும் இருக்க இது எதற்கு என்று சங்கத்தில் சிலர் கேட்டனர்; பேசி உடன்பட்டுவிட்டோம். தேவாரம் பாடும்போது சேர்ந்து ஊதலாமா, மௌன வணக்கத்தின்போது பின்னணியாக ஊதலாமா, மாரிகாலத்துக் கடற்காற்றில் அவர் எங்கே நிற்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: ஒத்துக்காரன்

வணக்கம் ஐயா. நாதஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவன் என்ற முறையில் சுருதியைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்கொட்லாந்துப் பாக்பைப்பில் ஒரே சுரத்தை விடாமல் ஒலித்தபடி தோளில் சாயும் மூன்று ஒத்துக் குழல்களும், விரல் வைத்து ஊதும் ஒரு குழலும் உண்டு. அந்த விரற்குழலின் சீவாளி நம்முடையதைப் போலவே இரட்டை நாணல்தான். ஆனால் அதன் ஆதார சுரமான சட்சம் இன்றைய வழக்கில் ஏறத்தாழ 480 ஹேர்ட்ஸ், அதாவது ஆறரைக் கட்டையைத் தாண்டி ஏழைத் தொடாமல் நிற்பதால், ஆர்மோனியத்தின் எந்தக் கட்டையோடும் சேராது. சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் வழியில்லை என்பதால், பாடுபவரின் குரலும் அமிழ்ந்துவிடும். பக்கவாத்தியமாக வேண்டாம்; தனியாகவே ஊதட்டும்.

அதில் இருப்பவை கீழ் நிஷாதம் முதல் மேல் சட்சம் வரை ஒன்பது சுரங்கள், ஹரிகாம்போதி இராகத்துக்கு உரியவை. முகாரியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் கேதாரகௌளை அதற்குள் அடங்கும். கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளப்பட்டபோது அப்பர் பாடியதாகச் சொல்லப்படும் நமச்சிவாயப் பதிகத்தின் காந்தாரபஞ்சமப் பண்ணை இன்று அந்த இராகத்திலேயே பாடுகின்றனர். மேல் சட்சத்தைத் தாண்டும் இடங்களை மாற்றிக்கொண்டு, கமகம் என்ற சுர அசைவு போதவில்லை என்று யாரும் முகம் சுளிக்காதிருந்தால், அதன் முதல் அடிகளை அவர் ஊதிப் பார்க்கலாம்.

மறுமொழி: வட்டக்கச்சி – ரொறன்ரோ

நான் இங்கே ஒரு பைப் அணியில் ஊதுகிறேன். மௌனத்தின்போது ஊதவே கூடாது. போரில் மாண்டவர்களுக்கான நவம்பர் 11 நினைவு நிகழ்வுகளிலும் இரங்கல் இசை மௌனத்துக்கு முன்போ பின்போதான் வரும். இலங்கை முழுவதும் 9.25 முதல் 9.27 வரை கடைப்பிடிக்கப்படும் அந்த இரண்டு நிமிடம் முடிந்த பின்னர் தொடங்குவதே நன்று. பையை நிரப்பி, ஒத்துகள் முழங்கிய பிறகே விரற்குழல் பேசும் என்பதால், மௌனம் முடிந்ததைக் கையசைத்துக் காட்ட ஒருவரை நிறுத்துங்கள்.

வெப்பம்தான் பெரிய சிக்கல். சூடு ஏறினால் சுருதி ஏறும்; விரற்குழல் ஒத்துகளை விட வேகமாக ஏறுவதால் இரண்டும் பிரிந்துபோகும். துளைகளின் மேல்விளிம்பில் மின்கம்பிக்குச் சுற்றும் ஒட்டுநாடாவை ஒட்டி அதை இறக்குவது எங்கள் வழக்கம், அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஸ்கொட்லாந்துக் குளிரில் ஒத்துப்போன குழல் முல்லைத்தீவில் அப்படியே ஒத்துப்போகாது. ஆகவே சில நாள் முன்னதாக வந்து, காலை ஒன்பது மணியளவில் அதே கடற்கரையில் ஊதிப் பழக வேண்டும். அன்றைய தினம் கூட்டத்துக்குக் கேட்காத தூரத்தில் குழலைச் சூடாக்கிச் சுருதி சேர்த்தபடியே அவர் காத்திருக்க வேண்டும். உரைகள் நீண்டால் சேர்த்த சுருதி கலைந்துவிடும். நம்மவர் உரைகளை நான் அறிவேன், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து வீசும். கூட்டத்திலிருந்து ஐம்பது யார் அளவு கடற்பக்கமாக நின்றால் காற்றே ஒலியைக் கொண்டுவரும், ஒலிவாங்கி தேவையில்லை. ஒத்துக் குழல்களின் வாயில் காற்று நேரே அடிக்காதபடி அவர் திரும்பி நிற்க வேண்டும். மழைக்கு ஒரு தறப்பாள் கட்டிவைத்தால் போதும்.

எதை ஊதுவது என்றால், 1513இல் ஃபிளொடன் போரில் மாண்ட ஸ்கொட்லாந்தியருக்கான ‘ஃபிளவர்ஸ் ஒஃப் த ஃபொரஸ்ட்’ என்ற இரங்கல் இசையையே நான் தேர்ந்தெடுப்பேன். குழலூதுவோர் பலர் இறந்தவருக்கான நிகழ்வுகளில் அன்றி அதைப் பொதுவில் ஊதுவதில்லை.

மறுமொழி: கரைவாசி

பதிகம் பற்றிய யோசனையை மதிக்கிறேன். ஆனால் அன்று அங்கே நிற்பவர்களில் கத்தோலிக்கக் குடும்பங்களும் பல இருக்கும். பதிகத்தை ஓதுவார் தம் முறையில் பாடட்டும், செபம் செபமாக நடக்கட்டும், குழலுக்கு எந்தச் சமயத்தையும் சாராத அந்த இரங்கல் இசையே இருக்கட்டும். அணிவகுப்பு உடையும் இறகுத் தொப்பியும் மட்டும் வேண்டவே வேண்டாம். சீருடையைக் கண்டால் இங்குள்ளவர்களின் மனம் எங்கே போகும் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளை வேட்டியும் சட்டையும் போதும்.

முல்லை மாமா

மூவருக்கும் நன்றி. மருமகனுக்கு இன்றே எழுதுகிறேன். பறைக் குழுவினர் ஊர்வலம் கடற்கரையை அடைந்ததும் நிறுத்திவிடுவார்கள் என்பதால் இரண்டும் மோதாது. உரைகளை இரண்டாகக் குறைத்து, அவற்றையும் மௌனத்துக்கு முன்பே முடிக்கும்படி சங்கத்தைக் கேட்கப் போகிறேன். அதற்குத்தான் பாக்பைப்பை விடக் கூடுதலான எதிர்ப்பு வரும் போலிருக்கிறது.