புல்தரையில் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் அந்த ஒரு பாயின்ட்

நெட்டோரம்:

2019 விம்பிள்டன் டென்னிஸ், ஆண்கள் ஃபைனல், ஃபெடரரும் ஜோகோவிச்சும். ஐந்தாவது செட், 8-7, 40-15, சர்வ் ஃபெடரர் கையில். இன்னும் ஒரே பாயின்ட் எடுத்தால் கோப்பை, அதற்கு இரண்டு வாய்ப்பு. முன்கதை வேண்டாம், இந்த மன்றத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். முதல் பாயின்டில் ஃபோர்ஹேண்ட் கோட்டைத் தாண்டிப் போனது. அது யாருக்கும் நடக்கும். உறுத்துவது அடுத்த பந்து. ஃபோர்ஹேண்டில் அப்ரோச் (நெட்டுக்கு ஏறுவதற்காக அடிக்கும் அடி) அடித்துவிட்டு நெட்டுக்கு ஏறுகிறார். பந்து போனதோ ஜோகோவிச்சின் ஃபோர்ஹேண்டுக்கு. அவர் குறுக்கே அடித்த பாஸ், அதாவது நெட்டில் நிற்பவரைத் தாண்டிப் போகும் அடி, ஃபெடரரின் மட்டைக்கு எட்டவே இல்லை. டியூஸ், அதாவது 40-40. கொஞ்ச நேரத்தில் கேம் கணக்கு 8-8.

மொத்தம் 422 பாயின்ட். ஃபெடரர் எடுத்தது 218, ஜோகோவிச் எடுத்தது 204. வின்னர் (எதிராளி தொட முடியாத அடி) 94-க்கு 54, ஏஸ் (தொட முடியாத சர்வ்) 25-க்கு 10. ஆனாலும் கோப்பை 204-க்குப் போனது, ஏனென்றால் மூன்று டை-பிரேக்கும் (கேம் சமமானால் செட்டை முடிவுசெய்யும் ஆட்டம்) ஜோகோவிச்சுக்கு. விம்பிள்டன் கடைசி செட்டில் 12-12 வந்தால் டை-பிரேக் என்ற விதியே அந்த வருடம்தான் முதன்முதலில் வந்தது.

புல்லில் அப்ரோச் என்றால் ஸ்லைஸ்தான். பின்சுழற்சியோடு விழும் பந்து எழும்பாது, சறுக்கும். எதிராளி குனிந்து கீழிருந்து தூக்கித்தான் அடிக்க வேண்டும், அவர் தூக்கினால் நமக்கு வாலி (தரையில் படுமுன் அடிப்பது) சுலபம். டாப்ஸ்பின்னில் (முன்சுழற்சியில்) அப்ரோச் போட்டால் இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும். ஜோகோவிச்சுக்கு அந்த உயரத்தில் பந்து கொடுக்கவே கூடாது. விம்பிள்டன் 8, ஹாலே 10, ஸ்டுட்கார்ட் 1 என்று புல்தரையில் 19 பட்டம் வாங்கியவருக்கு இது தெரியாததா? அதுதான் தாங்கவில்லை.

இரண்டாம் சர்வ்:

19 பட்டம் சரி. ஆனால் 1993 முதல் 2000 வரை விம்பிள்டனில் சாம்ப்ராஸ் ஆடியது 54 ஆட்டம், ஜெயித்தது 53. தோற்ற ஒன்று 1996 காலிறுதி, கிரைசெக்கிடம், நேர் செட்களில். இதற்கு இணையான எட்டு வருடத்தை ஆண்களில் யாராவது காட்டட்டும்.

அவர் பலம் முதல் சர்வில் இல்லை, இரண்டாவதில் இருந்தது. மற்றவர்கள் இரண்டாவது சர்வை உள்ளே போட்டால் போதும் என்று வேகத்தைக் குறைப்பார்கள். ரிட்டர்ன் செய்பவர் இரண்டடி உள்ளே வந்து தாக்குவார். சாம்ப்ராஸ் கையை முழுசாக வீசி, நிறையச் சுழற்சியும் வேகமும் சேர்த்து அடிப்பார். பந்தைத் தூக்கிப் போடும் இடம் எல்லா சர்வுக்கும் ஒன்றே, எந்தப் பக்கம் வரும் என்று கையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் யாரும் உள்ளே காலடி வைக்கவில்லை.

வைத்தவர் ஒருவர்தான். 2001, நான்காவது சுற்று, ஐந்தாவது செட், 6-5. மேட்ச் பாயின்டில் சாம்ப்ராஸ் சர்வுக்கு 19 வயது ஃபெடரர் ஃபோர்ஹேண்டில் ஒரே அடி, ரிட்டர்ன் வின்னர். விம்பிள்டனில் சாம்ப்ராஸின் தொடர்ந்து 31 வெற்றி என்ற கணக்கு அங்கே முடிந்தது.

புல்வெட்டு:

மேலே இருவரும் ஒரே புல்லைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறீர்கள். அப்படி இல்லை.

2000 வரை விம்பிள்டனில் 70 சதவீதம் ரைகிராஸ், 30 சதவீதம் செந்நிற ஃபெஸ்க்யூ புல். 2001 முதல் நூறு சதவீதமும் ரைகிராஸ். போட்டி நேரத்தில் உயரம் 8 மில்லிமீட்டர். ரைகிராஸ் மிதியைத் தாங்கும், அடியில் மண்ணைக் கெட்டியாக வைத்துக்கொள்ள விடும். மண் கெட்டியானால் பந்து இன்னும் எழும்பும், சறுக்கல் குறையும். எழும்பினால் பேஸ்லைனில் (கோர்ட்டின் பின்கோட்டில்) நிற்பவருக்கு நேரம் கிடைக்கும். இரண்டாம் சர்வ் சொன்ன 2001 ஆட்டம் இந்தப் புதுப் புல்லின் முதல் வருடம். அடுத்த வருட ஃபைனலில் ஹியூவிட்டும் நால்பாண்டியனும், இருவருமே பேஸ்லைன்காரர்கள்.

புல் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். 2001 ஃபைனலில் இவானிசெவிச்சும் ராஃப்டரும் சர்வ் போட்டுப் போட்டு நெட்டுக்குத்தான் ஓடினார்கள். மட்டையில் பாலியெஸ்டர் நரம்பு பரவலானது இன்னொரு காரணம். அதில் முழு பலத்தோடு அடித்தாலும் சுழற்சி பந்தைக் கீழே இழுத்துவிடும், நெட்டில் நிற்பவரின் காலடிக்கே இறக்கலாம். ஆனால் சாம்ப்ராஸ் எண்ணையும் ஃபெடரர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இதையெல்லாம் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

இடதுகை:

பெண்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லையே! இடதுகை ஆட்டக்காரர் நவ்ரத்திலோவா: விம்பிள்டன் பட்டம் 9, இன்னொரு புல்தரைப் போட்டியான ஈஸ்ட்போர்னில் 11. எவர்ட்டை ஐந்து விம்பிள்டன் ஃபைனலில் சந்தித்தார், ஐந்திலும் ஜெயித்தார்.

1988 ஃபைனல்தான் மனதில் நிற்கிறது. நவ்ரத்திலோவா 7-5, 2-0 என்று முன்னிலை. ஹெலன் வில்ஸ் மூடியின் 8 பட்டத்தைத் தாண்ட இன்னும் நான்கு கேம் போதும். அங்கிருந்து ஸ்டெஃபி கிராஃப் அடுத்த 13 கேமில் 12 எடுத்தார். 5-7, 6-2, 6-1.

இடதுகைக்காரரின் ஸ்லைஸ் சர்வ் அட்வான்டேஜ் பக்கத்தில் (ரிட்டர்ன் செய்பவரின் இடப்பாதியில்) வலதுகைக்காரரின் பேக்ஹேண்டை விட்டு விலகி விலகி வெளியே ஓடும். துரத்திப் போனால் கோர்ட் முழுக்கக் காலி, நவ்ரத்திலோவா நெட்டில் தயார். கிராஃப் ஸ்லைஸ் பேக்ஹேண்டில் தாழ்வாகத் திருப்பினார், காலடிக்கு. அந்த ஒற்றைக்கை ஸ்லைஸ் புல்லில் கணுக்கால் உயரத்துக்குமேல் எழும்பாது. அடுத்து வரும் தளர்ந்த பந்துக்கு ஃபோர்ஹேண்ட். நவ்ரத்திலோவாவின் ஒன்பதாவது 1990 வரை காத்திருந்தது. கிராஃப் ஏழோடு முடித்தார்.

ரிட்டர்ன்:

2021 ஜூன் 29, சென்டர் கோர்ட். கூரை மூடியிருக்கிறது. மன்னாரினோ ஃபெடரருக்கு எதிராக வழுக்கி விழுந்து விலகினார். அதே கோர்ட், அதே நாள், முதல் செட்டிலேயே செரீனாவும் வழுக்கி, அழுதுகொண்டே வெளியேறினார். விம்பிள்டனில் ஏழு பட்டம், 2012 விம்பிள்டன் தொடர் முழுக்கச் சேர்த்து 102 ஏஸ். எல்லாம் ஒரு காலடியில் நின்றுபோனது.

இங்கே எல்லோரும் அடியைப் பற்றியே எழுதுகிறீர்கள், காலைப் பற்றி யாரும் எழுதவில்லை. புல்லில் ஆடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் வாரம் புல் ஈரத்தோடு பசுமையாக இருக்கும், கூரை மூடினால் ஈரம் இன்னும் தங்கும். ஆபத்து அப்போதுதான். இரண்டாம் வாரம் பேஸ்லைன் தேய்ந்து மண் தெரியும், அங்கே பிடிப்பு உண்டு, ஆனால் பந்து ஏறுக்குமாறாக எழும். ஷூ அடியில் சின்னச் சின்ன ரப்பர் குமிழ் உள்ளதாக இருக்க வேண்டும், ஹார்ட் கோர்ட் ஷூ வேண்டாம். நீளமான காலடி வைக்காதீர்கள். கடைசி மூன்று அடியைப் பொடி நடையாக வையுங்கள், உடல் எடை காலுக்கு நேர் மேலே இருக்கட்டும். களிமண்ணில் பழகியவர் சறுக்கி நிற்கப் பார்ப்பார், புல் அதற்கு ஒத்துழைக்காது. திசை மாற்றும்போது வெளிக்காலை ஊன்றித் தள்ளினால் அந்தக் கால்தான் போகும்.

ரிட்டர்னுக்கு மட்டையைப் பின்னால் இழுக்கும் தூரத்தைப் பாதியாக்குங்கள். பெரிய வீச்சு வீசினால் பந்து வந்து போயிருக்கும். மணிக்கட்டை மட்டைக்கு அடியில் திருப்பிப் பிடிக்கும் வெஸ்டர்ன் பிடிக்காரர்கள் தாழ்ந்த பந்தில் திணறுவார்கள், மட்டை முகம் தரையைப் பார்த்துவிடும், பந்து நெட்டில். இடுப்பை வளைக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள். புதுப் பந்து எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே இருங்கள்: முதலில் ஏழு கேம், பிறகு ஒன்பதுக்கு ஒருமுறை. புதுப் பந்தின் கம்பளி மழமழவென்று இருக்கும், சறுக்கல் அதிகம். அந்த கேமில் சர்வ் நம் கையில் இருந்தால் நேராக உடம்பைப் பார்த்து ஒன்று போடுங்கள்.

பழைய ஸ்கோர்கார்டு:

ரிட்டர்ன் சார் சொன்ன குட்டை வீச்சுக்கு நல்ல உதாரணம் நம் ராமநாதன் கிருஷ்ணன். சர்வில் பலம் கிடையாது. ஆனாலும் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. 61 காலிறுதியில் எமர்சனை நேர் செட்களில் முடித்தார். இரண்டு அரையிறுதியிலும் அவரைத் தோற்கடித்தவர்கள், ஃப்ரேசரும் லேவரும், அந்தந்த வருடம் பட்டத்தையும் வாங்கினார்கள்.

உறுத்துவது வேறு. ஃபெடரர் விம்பிள்டனில் தொடர்ந்து 40 வெற்றி, போர்க் 41 என்று ரசிகர்கள் சண்டை போடுவார்கள். 2007-ல் ஹாஸ் ஆடாமல் விலகியதால்தான் ஃபெடரருக்கு ஒன்று குறைந்தது. ஆனால் போர்க்கின் 41 வருவதற்கே வாய்ப்பில்லாமல் போயிருக்கும். 1979, இரண்டாவது சுற்று, விஜய் அமிர்தராஜ். முதல் செட் 6-2 விஜய்க்கு, மூன்றாவது 6-4 விஜய்க்கு, நான்காவது டை-பிரேக். அது போர்க் பக்கம் போனது, ஐந்தாவது 6-2. அந்த ஒரு டை-பிரேக் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் ஐந்து தொடர் பட்டமும் இல்லை, 41-ம் இல்லை.

போர்க் ஃபிரெஞ்ச் ஓபனையும் விம்பிள்டனையும் 1978, 79, 80 மூன்று வருடமும் சேர்த்து எடுத்தார். நடுவில் இரண்டே வாரம். இப்போதைய மூன்று வார இடைவெளி 2015-ல்தான் வந்தது.

கூரையில்லாத வருடம்:

நெட்டோரம், உங்கள் அப்ரோச் கணக்கை ஏற்க மனம் வரவில்லை. 2008 ஃபைனல், நான்காவது செட் டை-பிரேக், 8-7, நடாலுக்குச் சாம்பியன்ஷிப் பாயின்ட். நடால் ஃபோர்ஹேண்டில் அப்ரோச் போட்டார், ஃபோர்ஹேண்டுக்கு இல்லை, பலவீனமான பக்கத்துக்கே, ஃபெடரரின் பேக்ஹேண்டுக்கு. ஃபெடரர் கோட்டை ஒட்டி நேராக ஒரு பாஸ் அடித்தார். 8-8. செட் 10-8 அவருக்கு. ஆக, அப்ரோச் சரியான பக்கம் போனாலும் பாஸ் வாங்கலாம்.

நடால் கைவிட்டது அதற்கு முன்னால். அதே டை-பிரேக்கில் 5-2, இரண்டு சர்வ் அவர் கையில், டபுள் ஃபால்ட் (இரண்டு முயற்சியும் தவறி பாயின்ட் போனது). ஐந்தாவது செட்டில் இருட்டிக்கொண்டு வந்தது, கூரை அடுத்த வருடம்தான் போட்டார்கள். 9-7-க்கு முடிந்தபோது ஃபெடரரின் 65 தொடர் புல்தரை வெற்றியும் முடிந்தது.

நெட்டோரம்:

ஒப்புக்கொள்கிறேன், பக்கம் மட்டும் காரணமில்லை. ஆனால் 2008-ல் நடாலுக்கு அடுத்த செட் இருந்தது. 2019-ல் ஃபெடரருக்கு 37 வயது, நான்கு மணி நேரத்தைத் தாண்டிய ஆட்டம். அந்தப் பந்து ஸ்லைஸாக, தாழ்வாகப் போயிருந்தால் ஜோகோவிச் முழங்காலை மடக்கியிருப்பார். மடக்காமல் நின்றபடியே அடித்தார்.