ஹைமேட் டெஸ்ட், நார்மல் பசங்க: "பாதிக்கப்பட்ட கால்" எதுன்னு எழுதுறது?

எம்பிடி_மாணவி:
தீசிஸுக்கு ஹைமேட்டை 6லருந்து 12 வயசு வரைக்கும் நல்லா இருக்கற ஸ்கூல் பசங்ககிட்ட வேலிடேட் பண்றேன், அதாவது இவங்களுக்கும் இது சரியா அளக்குதான்னு பாக்கறேன். தெரியாதவங்களுக்கு, தலைல அடிபட்டவங்க ஓட்டம் குதியெல்லாம் எவ்ளோ திரும்பியிருக்குன்னு பாக்க 2005ல ஆஸ்திரேலியாலருந்து வந்த டெஸ்ட், 13 ஐட்டம், மொத்தம் 54 மார்க், ஸ்டாப்வாட்ச், டேப், ஒரு செங்கல், படிக்கட்டு இருந்தா போதும். ஃபார்ம்ல "பாதிக்கப்பட்ட கால்ல நொண்டி"ன்னு இருக்கு, இவனுங்களுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு! அப்புறம் பைலட்ல (முன்னோட்டமா கொஞ்சம் பேர்கிட்ட எடுத்துப் பாத்ததுல) ஆறாவது பசங்க முக்கால்வாசி ஐட்டத்துல ஃபுல் மார்க் அடிச்சுட்டுப் போறானுங்க, ஒண்ணாங்கிளாஸ் குட்டிங்களுக்கு மார்க்கே ஏறல. வயசோட கோரிலேஷன் நல்லா வருது (வயசு ஏற ஏற மார்க்கும் ஏறுது), வேலிடிட்டி வந்துடுச்சுன்னு கைடு சொல்றார், எனக்கு என்னவோ உறுத்துது

பிசியோ_அக்கா:
கால் மேட்டர் ஈஸிம்மா. பந்தை எந்தக் கால்ல உதைக்குதுன்னு பாரு, மத்த காலை "பாதிக்கப்பட்ட" இடத்துல வெச்சுக்கோ, எல்லாருக்கும் ஒரே ரூல். ஸ்கிப் ஐட்டம்தான் (கயிறு இல்லாம, கால் மாத்தி மாத்தித் துள்ளிக்கிட்டே போறது) தலைவலி, நான் "ஸ்கிப் பண்ணு"ன்னதும் ஒரு குட்டி "கயிறு எங்கக்கா"ன்னு கேட்டுச்சு 😂 வாயால சொல்லாத, செஞ்சு காட்டு, ஒருவாட்டி பழக விடு, அப்புறம் ஸ்டாப்வாட்சை அமுக்கு

ஸ்டாட்ஸ்_சித்தப்பு:
உறுத்துறது சரிதான். மார்க் போடற அளவெல்லாம் பெரியவங்க நொடி, பெரியவங்க சென்டிமீட்டர். ஒரு கால்ல எகிறி மறுகால்ல இறங்கற ஐட்டத்துல கால் நீளமா இருக்கறவன் சும்மாவே ஜெயிப்பான், அப்ப வயசோட ஏறுதுன்னா பாதி உயரம்தான் ஏறுது, திறமைன்னு எப்டி சொல்லுவ? உயரத்தைக் கழிச்சுட்டு பார்ஷியல் கோரிலேஷன் போடு. மார்க்கை விடு, நொடியையும் சென்டிமீட்டரையும் அப்படியே வெச்சு அனலைஸ் பண்ணு, சீலிங்கும் (எல்லாரும் ஃபுல் மார்க்ல முட்டி நிக்கறது) பாதி போயிடும். இன்னொண்ணு, 6லருந்து 12 வரைக்கும் ஒண்ணா கொட்டி ஐசிசி (மறுபடி எடுத்தாலும் அதே அளவு வருதான்னு காட்டற எண்) போட்டா அது அழகா ஏறித்தான் இருக்கும், பசங்களுக்குள்ள அவ்ளோ வித்தியாசம் இருக்கே. வயசுவாரியா பிரி, கூடவே அளவுப் பிழை எத்தனை நொடின்னு சொல்லு, அப்பதான் நாளைக்கு ஒரு பையன் அரை நொடி குறைச்சு ஓடினா அது நெசமாவே முன்னேற்றமான்னு தெரியும்

எம்பிடி_மாணவி:
ஐயோ பைலட் ஷீட்ல மார்க் மட்டும்தான் இருக்கு, நொடியே எழுதல 😭

பிசியோ_அக்கா:
பைலட்தானே, தூக்கிப் போடு. மறுபடி எடுக்கறப்ப எல்லாருக்கும் ஒரே தரை, எல்லாருக்கும் ஷூ. டைல்ஸ்ல சாக்ஸோட ஓட விட்றாத, நான் பட்டிருக்கேன்