2008 டீ-மெக்ஸ்: முன்பக்கம் உயர்த்தி பெரிய டயர் போடலாமா? (நிலாவெளி, படகு இழுக்கிற வண்டி)

நிலாவெளிப் படகு:
வணக்கம் அண்ணைமார். என்னட்ட 2008 ஐசுசு டீ-மெக்ஸ் டபுள் கெப் இருக்கு, போர் வீல் (நாலு சில்லும் இழுக்கும்). இப்ப நிக்கிற டயர் 245/70/16. முன்பக்கம் மூக்குக் குத்தி நிக்குது, பின்பக்கம் தூக்கல். முன்னுக்கு ரெண்டு இஞ்சி லெவலிங் கிட் (முன்பக்கத்தைப் பின்பக்க மட்டத்துக்குத் தூக்கிற சாமான்) போட்டு, 265/75/16 ஏடி டயர் (தார் றோட்டுக்கும் மண்ணுக்கும் ஓடுறது) ஏத்த யோசனை. சுருள் ஸ்பிரிங்குக்கு மேல வைக்கிற ஸ்பேசர் ஒருத்தர் ஒன்லைனில விக்கிறார். எல்லாக் கெப்புக்கும் சரிவருமாம்.

வண்டிக்கு வேலை: சீசனில புறாமலைக்கு ஆக்களை ஏத்துற படகை ட்ரெய்லரில வைச்சு கடற்கரைக்கு இறக்குறது, ஏத்துறது. பின்னுக்கு ரெண்டு அவுட்போட் எஞ்சினும் பெற்றோல் கானுகளும் இருக்கும். மாரியில கொழும்புக்குப் போய் சாமான் ஏத்தி வருவன். மணலில புதையிறதுதான் பெரிய கரைச்சல். வடிவுக்கும்தான், பொய் சொல்லேல்லை. இப்பத்தைய விலைக்குப் புது வண்டி கனவிலயும் இல்லை.

அலஸ்தோட்டம் ரைடர்:
போடுங்க மச்சான், யோசிக்காதீங்க. 265/75 போட்டா வண்டி சிங்கம் மாதிரி நிக்கும். உரசினா மட்கார்ட் உள்பிளாஸ்டிக்கை வெட்டிவிட்டாச் சரி.

பாலையூற்று கராஜ்:
சிங்கம் படகு இழுக்கிறேல்லை.

தம்பி, காசு அனுப்ப முதல் வண்டிக்குக் கீழ குனிஞ்சு பாருங்கோ. உங்கட மொடலுக்கு முன்னுக்குச் சுருள் ஸ்பிரிங்கே இல்லை, டோர்ஷன் பார். ரெண்டு நீட்டு இரும்புக் கம்பி சேசிஸ் வழியாப் பின்னுக்குப் போகும், அது முறுகித்தான் வண்டியைத் தாங்குது. சுருள் ஸ்பிரிங் வந்தது அடுத்த மொடலில. அந்த ஸ்பேசர் உங்களுக்குக் கடதாசி பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

டோர்ஷன் பாரில உயர்த்துறதெண்டா கம்பியின்ர பின் நுனியில இருக்கிற போல்ட்டை இறுக்கினாப் போதும், கிட் தேவையில்லை. ஆனா இறுக்கினா ஸ்பிரிங் பலமாகும் எண்டு கனபேர் நினைக்கினம். கம்பி அதே கம்பிதான், நிக்கிற உயரம் மட்டும்தான் மாறும். மேல போன அளவு, சில்லு கீழ இறங்குற இடம் குறையும். பள்ளத்தில விழேக்க சில்லைப் பிடிக்கிற மேல் ஆர்ம் போய் ஸ்டொப்பரில "டங்" எண்டு அடிக்கும். முன் சில்லைச் சுத்துற அச்சில இருக்கிற மூட்டு, அதுதான் சீவி ஜொயின்ட், எந்நேரமும் சரிஞ்சு நிண்டு சுத்தும். ஆர்மையும் சில்லையும் சேர்க்கிற போல் ஜொயின்ட்டும் சரிஞ்சுதான் நிக்கும். ரெண்டு இஞ்சி இந்த வண்டிக்குக் கூட.

இப்ப முக்கியமான கேள்விக்கு வாறன். வெறும் வண்டி மூக்குக் குத்தி நிக்கிறது குறை இல்லை. பாரம் ஏத்தினாப் பின்பக்கம் இறங்கும் எண்டு தெரிஞ்சுதான் கொம்பனி அப்பிடி விட்டிருக்கு. படகைக் கொளுவி, எஞ்சினையும் கானையும் ஏத்தி, பெற்றோல் செட்டில சீமெந்துத் தரையில நிப்பாட்டிப் பாருங்கோ. நாலு சில்லுக்கும் சில்லு நடுவில இருந்து மட்கார்ட் ஓரம் வரைக்கும் அளவுங்கோ. நிலத்தில இருந்து அளந்தா டயரும் காத்தும் கணக்கைக் குழப்பும். பிறகு வெறுமையா ஒருக்கா அளந்து ரெண்டையும் இங்க போடுங்கோ.

டயர்: 245/70/16 இன்ர உயரம் கிட்டத்தட்ட 749 மில்லிமீற்றர். 265/75/16 எண்டா 804. ஏழு வீதத்துக்கு மேல கூடுது. மீற்றர் 60 காட்டேக்க உண்மையில 64 ஓடுவீங்கள். அது கிடக்கட்டும், ஒவ்வொரு கியரும் அந்தளவுக்கு நீளும். ஈர மணலில படகை இழுத்தெடுக்கேக்க அதைக் கிளச்சுத்தான் சுமக்கும். 265/70/16 பாருங்கோ, 777 மில்லிமீற்றர், நாலு வீதத்துக்கும் குறைவு. பெரும்பாலும் உரசாது. எண்டாலும் ரிவேர்ஸில முழுசா ஸ்டியரிங் வெட்டி, ஒரு பக்கச் சில்லை மேட்டில ஏத்திப் பார்த்துத்தான் சொல்லலாம். மட்கார்ட் வெட்டுற கதையை விடுங்கோ.

மணலுக்கு உயரத்தை விடக் காத்துத்தான் மருந்து. கடற்கரையில இறங்க முதல் 16, 18 பீஎஸ்ஐக்கு இறக்குங்கோ, டயர் நீளமா நிலத்தில படியும். தார் றோட்டுக்கு ஏற முதல் திரும்ப அடிச்சே ஆகவேணும். சிகரெட் லைட்டரில கொளுவுற சின்ன பம்ப் எண்டாலும் வண்டியில வைச்சிருங்கோ.

கிண்ணியா லொறி:
கராஜ் அண்ணன் சொல்றது சரி. எங்கட மச்சான்ட கெப்பை ஒரு இடத்தில போல்ட்டை முட்ட இறுக்கி உயர்த்திக் குடுத்தாங்க, எலைன்மென்ட் (சில்லு நிக்கிற கோணம்) பார்க்கவே இல்ல. முன் டயர் ஒரு ஓரம் மட்டும் வழிச்சமாதிரித் தேஞ்சிட்டு. சீவி ஜொயின்ட்டை மூடுற றப்பர் பூட் வெடிச்சு உப்பு மணல் கிரீசுக்குள்ள போய், திருப்பக்குள்ள "டக் டக்" எண்டு சத்தம். உயர்த்தினா கேம்பர், காஸ்டர், டோ எண்ட சில்லுக் கோணம் மூண்டும் மாறும். பில்லோட எலைன்மென்ட் செய்ங்க.

மத்தது ஹெட்லைட். முன்னுக்கு உயர்த்தி பின்னுக்குப் பாரமும் ஏத்தினா லைட் மரக்கொப்புக்குத்தான் அடிக்கும். நீங்க ராவில ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில வாற ஆள். றோட்டில யானை நிண்டா கால் கூடத் தெரியாது. எதிர வாறவனுக்குக் கண்ணும் போயிரும். லைட்டைப் பாரம் ஏத்தின நிலையில வைச்சு இறக்கிச் செட் பண்ணுங்க.

நிலாவெளிப் படகு:
அளந்தன் அண்ணை. வெறுமையா முன்னுக்கு 47 சென்ரிமீற்றர், பின்னுக்கு 52. படகு, எஞ்சின், பெற்றோல் எல்லாத்தோடயும் முன்னுக்கு 48, பின்னுக்கு 45. முன்பக்கம் சாரதிப் பக்கம் மட்டும் ஒரு சென்ரிமீற்றர் குறைவு.

பாலையூற்று கராஜ்:
அப்ப கதை முடிஞ்சுது. வேலை செய்யேக்க உங்கட வண்டி வால் குத்தித்தான் நிக்குது. முன்னுக்கு இன்னும் உயர்த்தினாப் படகு இழுக்கேக்க மூக்கு வானத்தைப் பார்க்கும், முன் சில்லில பாரம் குறைஞ்சு ஸ்டியரிங் மிதக்கும். காசைப் பின்பக்கத்தில போடுங்கோ. ஸ்பிரிங் பிளேட்டுகளைக் கழட்டிப் பாருங்கோ, தட்டையாப் போயிருந்தா வளைவு எடுக்கலாம், இல்லாட்டி ஒரு பிளேட் கூட்டலாம். எஞ்சினுகளைக் கபினோட ஒட்டி முன்னுக்குத் தள்ளிக் கட்டுங்கோ. ட்ரெய்லரில படகை எவ்வளவு முன்னுக்கு வைக்கிறீங்கள் எண்டும் பாருங்கோ, கொக்கியில பாரம் கூடினாலும் வால் குத்தும்.

முன்னுக்கு அந்த ஒரு சென்ரிமீற்றரை மட்டும் சரிக்கட்டினாப் போதும். கடற்கரை வண்டி, போல்ட் துருப்பிடிச்சுத்தான் இருக்கும். முதல் நாள் ராவே எண்ணெய் விட்டு ஊற விடுங்கோ. வெளியில எவ்வளவு மரை தெரியுது எண்டு அளந்து எழுதிப்போட்டு, முன் சில்லு ரெண்டையும் ஜக்கில தூக்கிப் பாரம் இல்லாமல்தான் திருப்ப வேணும். கொஞ்சத் தூரம் ஓடி வண்டி படிஞ்ச பிறகு திரும்ப அளந்து, பிறகு எலைன்மென்ட்.

நிலாவெளிப் படகு:
நன்றி அண்ணை. 265/70 நாலு எடுத்து, பழைய 245 இல நல்லதை ஸ்பெயாரா வைச்சாக் காணுமோ?

பாலையூற்று கராஜ்:
வீடு வந்து சேரக் காணும். ஆனா அதைப் போட்டுக்கொண்டு போர் வீலைப் போட்டிடாதீங்கோ, உங்கட வண்டியில அது முன்னையும் பின்னையும் ஒண்டாப் பூட்டிவிடும். உயரம் வித்தியாசமான டயரோட ஓடினா கியர்ப் பெட்டிப் பக்கம்தான் செலவு வரும். மணலில போர் வீல் இல்லாமல் நீங்கள் ஏற மாட்டீங்கள், அதால ஐஞ்சா எடுங்கோ. புதுசு கீழ ஸ்பெயார் கொளுவுற இடத்துக்குள்ள போகுதோ எண்டு கடையிலயே பாருங்கோ. இன்சூரன்ஸ்காரரிட்ட டயர் அளவு மாத்திறதை முதலே எழுத்தில கேட்டு வைச்சிருங்கோ.

அலஸ்தோட்டம் ரைடர்:
அப்ப அந்தப் பழைய 245 விலைக்கோ மச்சான்?