மறு: சுற்றுலாத் தாங்குதிறன், இ-பாஸ் எண்ணிக்கை: சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சுற்றுலா மேலாண்மை மென்பொருள்களுக்கான சொற்பட்டியலில், ஓரிடம் கெடாமல் எத்தனை பயணிகளைத் தாங்கும் என்பதைக் குறிக்கும் 'கேரியிங் கெபாசிட்டி' தமிழ்ச் சொல் முடிவாகாமல் நிற்கிறது. சூழலியலார் தாங்குதிறன் என்கிறார்கள். நாளிதழ்களில் கொள்ளளவும் வருகிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2025 ஏப்ரல் 1 முதல் கோடைக்காலத்துக்கு இ-பாஸ் (மலைக்கு ஏற முன்கூட்டியே இணையத்தில் எடுக்கும் அனுமதி) எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள்: ஒரு நாளுக்கு நீலகிரியில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலில் 4,000, 6,000. இந்த எண் திரையில் தெரியும் கட்டத்துக்குத் 'தாங்குதிறன்: 6,000' என்று தலைப்பிடலாமா?
க.

---

> 'தாங்குதிறன்: 6,000'

வேண்டாம் ஐயா. அது மலையை அளந்து கிடைத்த எண் இல்லை. 2024 மே 7-இல் இ-பாஸ் வந்தபோது உச்ச எண்ணே கிடையாது. விண்ணப்பித்த எல்லாருக்கும் பாஸ் வந்தது. 2025-இல் வந்த எண்களும் ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.எம். பெங்களூரு நடத்தும் தாங்குதிறன் ஆய்வு கையில் வரும் முன் வைத்த இடைக்கால ஏற்பாடுதான். எனவே இதற்கு 'வருகை உச்சவரம்பு' என்பேன். நில உச்சவரம்புச் சட்டத்தால் ஊரறிந்த சொல்; அரசு ஆணையிட்டு வைத்த எண், நாளை மாறலாம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

தாங்குதிறன் வேறு கணக்கு. ஆய்வாளர் மிகுவேல் சிஃபுவென்ட்டெஸ் 1992-இல் வகுத்த முறையில் அது மூன்று படி இறங்கும். 1,200 மீட்டர் காட்டுப்பாதை ஒன்றை வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் கொண்ட குழு 10 மீட்டர் பிடிக்கும், அடுத்த குழுவுக்கு 50 மீட்டர் இடைவெளி. ஆக ஒரே நேரத்தில் 20 குழு, 200 பேர். பாதை 8 மணி நேரம் திறந்திருந்து, ஒரு நடைக்கு 2 மணி நேரம் ஆனால் நாளுக்கு 800 பேர். இது வெறும் இடக் கணக்கு. மழைக்கு 0.8, மண்ணரிப்புக்கு 0.5 என்று திருத்தக் காரணிகளால் பெருக்கினால் 320. காவலர், கழிப்பறை, குப்பை வண்டி எல்லாம் தேவையில் பாதிதான் இருக்கிறது என்றால் 160.

800-ஐயும் 160-ஐயும் ஒரே சொல்லால் குறித்தால், விடுதிக்காரர் 800-ஐச் சொல்வார், வனத்துறை 160-ஐச் சொல்லும். இரண்டு பேரும் தாங்குதிறன் என்றே எழுதுவார்கள். இடக் கொள்ளளவு (800), மெய்த் தாங்குதிறன் (320), நடைமுறைத் தாங்குதிறன் (160) என்று பிரித்துக்கொள்ளலாம்.
ம.

---

கொள்ளளவை முதற்படிக்கு ஒதுக்கியது சரி. மேட்டூர் அணைக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்றால் காவலர் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. கடைசிப் படி எண்ணோ ஆள் சேர்த்தால் ஏறும்.

எண்ணைக் குறிப்பதால் 'திறன்' எதற்கு, 'தாங்களவு' போதுமே என்று பார்த்தேன். ஆனால் படிப்பவர் 'தாங்கள்' என்று பிரித்து முழிப்பார். கட்டுமானப் பொறியியலில் மண்ணின் தாங்குதிறன் என்று ஏற்கெனவே உண்டு. நிலச்சரிவு பகுதி பற்றிய அறிக்கையில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரக்கூடும் என்பதால், முதல் இடத்திலாவது 'சுற்றுலாத் தாங்குதிறன்' என முழுதாக எழுத வேண்டும்.
த.

---

இன்னொரு சொல் விட்டுப்போகிறது. பாஸ் எண்ணுவது நுழைவை மட்டும். நாளுக்கு 6,000 வண்டி ஏறி, ஒவ்வொன்றும் சராசரியாக 2 நாள் தங்கினால் மலைமேல் எப்போதும் 12,000 வண்டி நிற்கும். அரசுப் பேருந்தும் உள்ளூர் வண்டியும் விலக்கு என்பதால் அவை இதில் சேரா. தண்ணீரும் வாகன நிறுத்தமும் தீர்வது இந்த 12,000-ஆல்தான். இதற்கு 'உள்ளிருப்பு' என்று எழுதியிருந்தேன். போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது. கணக்குப் பிள்ளைகளின் 'இருப்பு' நல்ல சொல். 'நடப்பு இருப்பு' எப்படி?

இதைத் திரையில் காட்ட வேண்டுமானால் இறங்கும் வண்டியையும் பதிய வேண்டும். சோதனைச் சாவடியில் ஏறும் பக்கம் மட்டும் கியூஆர் குறியை வருடிவிட்டு இறங்கும் பக்கத்தை விட்டால் இருப்பு ஏறிக்கொண்டே போகும். இரு பக்கமும் எண்பலகை படிக்கும் கேமரா வைத்தாலும் மூடுபனியிலும் சேறு படிந்த பலகையிலும் சில விடுபடும். எனவே பாஸில் கொடுத்த தங்கும் நாள் முடிந்ததும் அந்த வண்டியைத் தானே கழிக்கும் விதி தேவை. கணக்கு அலகும் முக்கியம்: இருவர் வந்த காரும் ஐம்பது பேர் வந்த சுற்றுலாப் பேருந்தும் 'ஒரு வண்டி'யாக நின்றால், தண்ணீர்த் தேவையை அந்த எண்ணிலிருந்து யாரும் கணக்கிட முடியாது.
ம.

---

நடப்பு இருப்புக்கு என் வாக்கு. வெனிஸையும் எடுத்துக்காட்டாகச் சேர்க்கலாம். 2024 ஏப்ரல் 25 முதல் குறிப்பிட்ட நாள்களில் பகல் பயணிகளிடம் கட்டணம் (2024-இல் 5 யூரோ) வாங்கி கியூஆர் குறி தருகிறார்கள். எத்தனை பேர் என்ற வரம்பு இல்லை. அது நுழைவுக் கட்டணம், உச்சவரம்பு ஆகாது. பட்டியலில் இரண்டும் தனித்தனி உருப்படியாக இருக்கட்டும்.

மிச்சம் ஒன்று: பாஸ் எடுத்துவிட்டு வராதவர்கள். வரம்பு நிரம்பியதாகத் திரை காட்டும், சாலை காலியாகக் கிடக்கும். நுழைவு நேரத்தையும் பதிந்து, அது கடந்து சில மணி நேரத்தில் இடத்தை விடுவித்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். இந்த உருப்படிக்கு 'வராப்பதிவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். வருகைப்பதிவோடு குழம்பும் என்றால் வெள்ளிக்குள் மாற்றுச் சொல் அனுப்புங்கள்.
க.