புதுப்பிப்பு: மார்க்கெட் வேலைக்கு மடக்குக் கத்தி

சணல் சாக்கு, நைலான் கயிறு, அட்டைப்பெட்டி என்று நாள் முழுக்க அறுக்க எது தாங்கும் என்ற பழைய விவாத இழையில், கார்பன் ஸ்டீல் ஒப்பினல் 8 (மரப்பிடி போட்ட பிரெஞ்சு மடக்குக் கத்தி) போதும் என்று எழுதியிருந்தேன். பாதியைத் திருத்த வேண்டும்.

எஃகில் குறையில்லை, கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். சிக்கல் மரப்பிடியில்தான். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் ஈரத்தில் பிடியின் பீச் (beech) மரம் ஊதி, 8.5 செ.மீ. அலகைக் கவ்விக்கொள்ளும், நகம் பெயர்ந்தாலும் திறக்காது. துடைக்காமல் மடக்கினால் துருவும் பிடிக்கும். வெங்காய மண்டி, வயரிங் மாதிரி காய்ந்த வேலைக்கு அது சரி.

ஈரத்துக்கு 3 மி.மீ. கனத்தில் ஸ்டெயின்லெஸ் அலகு, பிளாஸ்டிக் பிடி. லைனர் லாக் (திறந்த அலகை மடங்காமல் பிடிக்குள் இருக்கும் தகடு தாங்கும் பூட்டு) என்றால் கவனம்: சணல் தூசி அடைத்தால் பூட்டுத்தகடு முழுதாக வந்து உட்காராது, கத்தி விரல்மேல் மடங்கும். வாரம் ஒருமுறை மண்ணெண்ணெயில் அலசி, மூட்டில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். அலகு பக்கவாட்டில் ஆடினால் திருகைக் கால் சுற்றுக்குள் முறுக்கிப் பாருங்கள். அதிகம் முறுக்கினால் மடங்காது.

தீட்டுவது பக்கத்துக்கு 20 டிகிரி. கட்டுக்கம்பியை மட்டும் இதால் அறுக்காதீர்கள், கட்டிங் பிளேயர் எதற்கு இருக்கிறது!