ஆயன்குளம் கிணற்றுத் தண்ணீர் உங்கள் கிணற்றுக்கு வந்ததா?

ஊர்க்கார அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் திசையன்விளைக்காரிதான். நிலத்தடி நீர் ஆராய்ச்சி வேலையாக வெளியூரில் இருந்துவிட்டு, இப்போது இரண்டு மாதம் வீட்டில் தங்க வந்திருக்கிறேன்.

2021 மழையில் ஆயன்குளம் கிணறு வெள்ளத்தை வாரக்கணக்கில் குடித்தும் நிரம்பாமல் கிடந்தது நினைவிருக்கும். சென்னை ஐஐடிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, அந்தப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் குகை போலாக்கிவிடும். அது சரி, உள்ளே போன தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

எங்கள் முருங்கைத் தோட்டத்துக் கிணறு எப்போதும் சவர். அந்த மார்கழியில் அப்பா ஒரு செம்பு மொண்டு குடித்துவிட்டு, "ஏளா, இதுல டீயே போடலாம்" என்று போனில் சொன்னார். வெறும் மழையாலும் இருக்கலாம். ஒரு கிணற்றை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

அதனால் உங்கள் கிணறு எந்த ஊர், எத்தனை அடி, மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறியதா, ருசி மாறியதா, கலங்கலாக வந்ததா என்று எழுதுங்கள். "ஒன்றும் மாறவில்லை" என்றாலும் எனக்கு அது தகவல்தான். அப்போது எடுத்த போட்டோ இருந்தால் தேதியோடு போடுங்கள். கிணறு வெட்டிய பெரியவர்கள் யாராவது பாறையில் பொந்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், ஸ்கூட்டியில் நேரிலேயே வந்து கேட்டுக்கொள்கிறேன். எனக்காக யாரும் கிணற்றுக்குள் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.