பொருள்: ஸ்டீராய்டு இன்ஹேலருக்குத் தமிழ்ச்சொல், வெள்ளிக்குள்

அனைவருக்கும் வணக்கம். ஆஸ்துமா கையேட்டின் தமிழ்ப் பக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முன்வரைவில் ‘ஊக்கமருந்து உறிஞ்சி’ என்று இருக்கிறது. விளையாட்டு வீரரைத் தகுதிநீக்கம் செய்கிற சொல் அது. எந்தப் பாட்டி பேரனுக்குக் கொடுப்பார்? மாற்றுச்சொல் தாருங்கள்.
— மொழிபெயர்ப்பாளர், ஈசூன், சிங்கப்பூர்

மூலத்திலிருந்து வருவோம். சிறுநீரகத்தின் மேலுள்ள அண்ணீரகச் சுரப்பியின் புறணியில், அதாவது வெளியடுக்கில், ஊறும் கார்ட்டிசோல் என்ற இயக்குநீரின் சாயலில் செய்தவை இம்மருந்துகள். ஆகவே ‘இழுபுறணியம்’. குடிநீர் போல வினைத்தொகை.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தேக்கா

> இழுபுறணியம்
ஐயா, மன்னிக்கவும். “காலையில் இரண்டு, இரவில் இரண்டு புறணி” என்றால், யாரைப் பற்றி என்றுதான் கேட்பார்கள்.

‘உறிஞ்சி’யும் ஆகாது. ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல் உறிஞ்சி, மருந்து நாக்கிலேயே படிந்துவிடுகிறது. ‘தடுப்பு மருந்து’ என்றால் தடுப்பூசி ஞாபகம் வரும், ஒருமுறை போதும் என்பார்கள்.

முதலில் நீல பம்ப், ஸ்டீராய்டு பம்ப் இரண்டும் பிரிந்து தெரியவேண்டும். நீல பம்ப், அதாவது சல்பியூட்டமால், இறுகிய மூச்சுக்குழல் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. தூசிப்பூச்சி ஒவ்வாமையில் குழல் சுவருக்குள் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் குவியும், சுவர் வீங்கும், சளி கூடும். பியூடெசனைடு போன்ற ஸ்டீராய்டுகள் உயிரணுவின் மரபணு வரை போய், அழற்சியைத் தூண்டும் புரதங்களின் உற்பத்தியையே அடக்குகின்றன. அதற்கு நாள்கள், வாரங்கள் ஆகும். இழுத்த உடனே ஒன்றும் தெரியாததால் பாதியில் நிறுத்துகிறார்கள், அழற்சி திரும்பிவிடுகிறது.
— மருந்தாளுநர், ஜூரோங்

948ஆம் குறள்: ‘அதுதணிக்கும் வாய்நாடி’. அழற்சிக்கு வேர் அழல், தீ. தீயைத் தணிப்பது ‘அழற்சிதணிப்பி’. அழல், தழல், நிழல் மூன்றின் உறவைத் தனிமடலில் விரிக்கிறேன்.
— தேக்கா

விரிக்கவேண்டாம் ஐயா. தணிப்பி என்றால் காய்ச்சல் மாத்திரைபோல் உடனே தணியும் என்று நினைப்பார்கள். ‘இழுப்பு மருந்து’ போதாதா?
— பிடோக்

இழுப்பு நோயின் பெயரும்தானே அம்மா. சிலர் வலிப்பையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘இழுமருந்து’ என்றால் அந்தக் குழப்பம் குறைவு.

செய்முறையையும் பிரித்து எழுதுங்கள். பம்ப் வகை: குலுக்கி, மூச்சை முழுதும் வெளிவிட்டு, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, 10 விநாடி அடக்கவேண்டும். பொடி வகையைக் குலுக்கக்கூடாது, வேகமாக இழுக்கவேண்டும். இரண்டிலும் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை, குரலும் கம்மும். ‘ஸ்டீராய்டு’ என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒரு வரி: மாத்திரை 30, 40 மில்லிகிராம் என்றால், இது ஓர் இழுப்புக்கு 200 மைக்ரோகிராம் அளவில்.
— ஜூரோங்

‘அன்றாட இழுமருந்து’, அடைப்புக்குறிக்குள் ஸ்டீராய்டு. நீலத்துக்கு ‘உடனடி இழுமருந்து’. பெரும்பாலோர் சரி என்றதால், இல்லை, களைத்துவிட்டதால், இப்படியே அனுப்புகிறேன்.
— ஈசூன்

அனுப்புங்கள். ஆனால் மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு நான் ஒப்பவில்லை என்பது பதிவாகட்டும். குறைந்தது ‘இசுட்டீராய்டு’.
— தேக்கா